வயிற்றைத் திறக்க ஆளில்லாத ஊர்

1

அண்ணன் இறந்து ஒரு வருடமாகிவிட்டது. முதல் திதிக்குப் போடிக்குப் போக முடியவில்லை. இங்கேயே ஒரு நாள் வேலைக்குப் போகாமல், தலைக்குக் குளித்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கலாம் என்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் விடுப்புக் கேட்டேன். அங்கே இருக்கும் பெண் நல்லவள்தான். எதற்காக என்று கேட்டாள். திதிக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? என் அண்ணனுடைய ஆனிவர்சரி என்றேன். அவள் முகம் மலர்ந்து, "எத்தனையாவது? என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்" என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விளக்கம் சொல்லி அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்துவானேன்.

அந்த விடுப்பும் கடைசியில் கிடைக்கவில்லை. கூட வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே போன் வந்தது. போனேன்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் வடக்கே, மழைக்கும் புகைக்கும் பேர் போன ஓர் ஊரில், முதியோர் வார்டில், டாக்டராக. அன்று ஒரு கிழவி இரண்டு நாளாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏட்டில் எழுதியிருந்தார்கள். போர்வையை விலக்கித் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தேன். கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. குடல் வழி தவறி இறங்கி அங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் அரை நாள் விட்டால் அழுகிவிடும். சர்ஜரி டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதைப் பத்தில் எட்டுப் பேர் தவறவிட்டிருப்பார்கள்" என்றான். பிறகு, உண்மையான பாராட்டோடுதான், "நீங்கள் சர்ஜரி பக்கம் போக ஒருபோதும் நினைத்ததில்லையா?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். கிழவியை அறுவைக்கு அனுப்பிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அவனுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். அவனைவிட உங்களுக்குத்தான் அது வேண்டும்.

2

போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில், நிலம் உழுகிற சம்சாரி வீட்டில் மூன்றாவது பிள்ளை நான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன் பெருமாள்தான் கீழே நிலத்தையும், போடி மெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். "பொட்டப்புள்ளைக்கு டாக்டர் படிப்பா?" என்று மாமன்மார் வந்து உட்கார்ந்தபோது, "அவ படிக்கட்டும். ஒங்க வீட்ல யாருக்காச்சும் வயித்துவலி வந்தா ஓடியாங்க, அப்பப் பேசிக்கிருவோம்" என்று முடித்துவிட்டார். மதுரையில் மருத்துவம் படித்தேன். பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் பெரிய சர்ஜன் ஒருவருக்கு எதிரே நின்று கத்தரியும் நூலும் பிடித்தே கை பழகிவிட்டது. அவர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த ஊசியை என்னிடம் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன், சர்ஜரிதான் என்று.

முதல் வேலை எழுபதுகளின் தொடக்கத்தில் போடியில். ஆஸ்பத்திரியில் என்னோடு சேர்த்து இரண்டு டாக்டர்கள். பெரியவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, அந்த இரண்டு வருடத்தையும் வம்பில்லாமல் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே வேண்டுதல். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும். ஆறு பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினைந்து, பதினாறு பேர். கதவுக்கு வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள்.

ஒரு முற்பகல் அண்ணனே ஜீப்பை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் ராக்கம்மா கிடந்தாள், எங்கள் தோட்டத்தில் காய் எடுப்பவள். அவள் போன வண்டி வளைவில் சாய்ந்துவிட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் உதடு வெளுத்து, வயிறு பலகைபோல் இருந்தது. நாடி தறிகெட்டு ஓடிற்று. மண்ணீரல் உடைந்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

"மதுரைக்கு அனுப்பிரும்மா" என்றார் பெரிய டாக்டர்.

"ஆண்டிபட்டி கணவாய் தாண்டமாட்டா சார்."

"தாண்டாட்டி அது அவ விதி. இங்க உசுரு போனா நம்ம விதி."

அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றார். "ஆத்தா, ஒனக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"தெரியும்ணே. ரத்தம் வேணும்."

"அதுக்கு நானிருக்கேன். இன்னும் ஆள் வேணும்னா ஜீப் ஸ்டாண்டையே கூட்டியாறேன். நீ வெரசா சோலியப் பாரு."

பெரிய டாக்டர் திட்டிக்கொண்டே வந்து முகமூடித் துணியில் மயக்கத்துக்கு ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அது அவர் பெருந்தன்மை, மறுக்கவில்லை. நான் திறந்தேன். கிழிந்த மண்ணீரலைக் கையில் ஏந்தி, வேரில் இறுக்கிக் கட்டி, வெளியே எடுத்தேன். அண்ணனுடைய ரத்தமும், பேர் தெரியாத இரண்டு டிரைவர்களுடைய ரத்தமும் ராக்கம்மாவுக்குள் போயின. அவள் பிழைத்தாள். அடுத்த எடுப்புக்கு மலையேறிவிட்டாள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. இனி என்னை யார் தடுக்க முடியும் என்று நினைத்த வயது.

3

சர்ஜரி மேற்படிப்புக்குத் தேர்வு சென்னையில். மதிப்பெண் ஒரு பங்கு, நேர்முகம் ஒரு பங்கு. மதிப்பெண் எனக்கு இருந்தது. நேர்முகம் என்பது மூன்று பெரியவர்கள், ஒரு மேசை, ஒரு மின்விசிறி.

"சர்ஜரி எதுக்கும்மா? மகப்பேறு எடுத்துக்கலாமே" என்றார் முதலாமவர்.

"எனக்கு சர்ஜரிதான் சார் வேணும்."

"கல்யாணம் ஆயிட்டா சீட்டு வீணாப் போகும். ஒரு ஆம்பளைப் பையன் எடத்தை அடைச்ச மாதிரி ஆயிடும்" என்றார் இரண்டாமவர். இது கேள்வியா என்று தெரியாததால் நான் பேசாமல் இருந்தேன். அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாமவரிடம் நானே என் பெருமையைச் சொன்னேன். போடியில் மண்ணீரலை எடுத்ததை விவரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் அனுமதி கொடுத்தா?"

"நேரம் இல்லை சார். அனுப்பியிருந்தா வழியிலேயே இறந்திருப்பாங்க."

"இறந்திருந்தா அது கேஸ். நீ திறந்து அவ செத்திருந்தா அது கொலை. இந்த வித்தியாசம் தெரியாதவங்களுக்குக் கத்தியக் கொடுக்கலாமா?"

அவள் சாகவில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அறிவிப்புப் பலகையில் என் பெயர் இல்லை. இருந்த பெயர்களில் ஒன்று யாருடைய மருமகன் என்று பலகை முன் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. யாரும் கோபப்படவில்லை. மழை பெய்தால் கோபப்படுவோமா, அதுபோல.

மறுவருடமும் போனேன். அதே மேசை. "நீதானே போடியில வயித்தத் தொறந்த பொண்ணு?" என்று சிரித்தார் கண்ணாடிக்காரர். ஒரு வருடம் என்னை ஞாபகம் வைத்திருந்தார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் ஜீப்போடு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "நம்ம ஏலக்காயத் தட்டுல கொட்டி வெச்சா, யாவாரி காயத்தான ஆத்தா பாக்குறான்? யார் வீட்டுக் காயின்னா கேக்குறான்? காய்க்கு இருக்குற நாயம் மனுசனுக்கு இல்லையே."

4

கதிரேசனின் ஜாதகம் வந்தது அந்தச் சமயத்தில்தான். பெரியகுளத்துக்காரர், இங்கிலாந்தில் கணக்கு வாத்தியார். அங்கே டாக்டர்கள் போதவில்லையாம், போய் இறங்கினால் வேலையாம், தகுதியைத்தான் பார்ப்பார்களாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, போடி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளைக்காரன் சட்டம் வகுத்தவன், அவனுக்கு மாமன் மச்சான் கிடையாது என்று நினைத்தேன். அவனுக்கும் உண்டு. அவர்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ரக்பி பந்து ஆடியவர்களாக இருப்பார்கள், அவ்வளவுதான்.

இங்கே பயிற்சி வேலை என்பது ஆறு மாதம். ஆறு மாதத்தின் நான்காவது மாதத்திலேயே அடுத்த ஆறு மாதத்துக்கு மனுப் போட வேண்டும். வாரப் பத்திரிகையின் பின்பக்கங்களில் விளம்பரம் வரும். வாங்கி, கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அனுப்புவேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வராது. என் பெயரை வாசிக்கவே வாய் வராதவர் அதை முதல் அடுக்கில் எதற்கு வைப்பார்? கதிரேசன் ஓர் ஊரில், நான் வேறோர் ஊரில். மகள் கயல்விழி பிறந்தபோது, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே நாலு ஊர் மாறினேன். ஒவ்வோர் ஊரிலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓர் அறை தருவார்கள். பெட்டியை முழுதாகப் பிரிக்கமாட்டேன்.

யாரும் விரும்பாத வேலை எனக்கு எளிதாகக் கிடைத்தது. கடலோரச் சிற்றூர், வாரத்தில் பாதி இரவுகள் விழிப்பு, கற்றுக்கொடுக்க ஆளில்லை. பெரிய நகரத்தின் நல்ல பயிற்சி வேலைக்கு நேர்முகம் வந்ததே மூன்று தடவைதான்.

முதல் தடவை, தலைவர் புன்னகையோடு, "இங்கிருந்து நீங்கள் எங்கே போவதாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நேராக ஸ்டேஷனுக்கு. நாலு மணி ரயில் இருக்கிறது" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. வருங்காலத்தில் எந்தப் பதவிக்குப் போக எண்ணம் என்று அவர் கேட்டிருக்கிறார். தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேசை டிராயரிலிருந்து ரயில் அட்டவணையை எடுத்து, நாலு மணி ரயில் இல்லை, நாலே கால் என்று திருத்தினார். ரொம்ப அன்பாக இருந்தார். அந்த அன்பிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது தடவை, காத்திருந்த அறையில் நாங்கள் நாலு பேர். குளிராக இருந்தது. ஒருவன் எழுந்து எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தான். எந்த அலமாரியில் சர்க்கரை இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் வேலை. ஏற்கெனவே அங்கே பார்த்துக்கொண்டிருந்தவன். எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டது, விளம்பரம் செய்து நியாயமாகத் தேர்ந்தெடுத்தோம் என்று காட்டுவதற்கு. சென்னையில் இந்த நாடகம்கூட இல்லை, டீயும் கொடுக்கவில்லை. இதில் எது மேல் என்று இன்றுவரை எனக்குத் தீர்மானம் இல்லை.

மூன்றாவதுக்குப் போகும்முன் சர்ஜரியின் பெரிய பரீட்சையில் தேறிவிட்டேன். இனி மறுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது என் தலைமை சர்ஜன் நரைத்த மனிதர், கோல்ஃப் பிரியர். அவர் புல்வெளிக்குப் போகும் மத்தியானங்களில் அவருடைய குடலிறக்கங்களையும் பித்தப்பைகளையும் நான்தான் செய்து முடிப்பேன். "உங்கள் கை அற்புதமான கை" என்று நர்சுகள் முன்னால் சொல்வார். அவரிடம் பரிந்துரை கேட்டேன். எழுதினார். நேர்முகத்தில் ஒருவர் அதை உரக்கப் படித்தார்: மிக இனிமையானவர், கடும் உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவார். எனக்குப் புகழ்ச்சியாகத்தான் கேட்டது. இதே கதிக்கு ஆளான ஒரு லாகூர் டாக்டர் பிறகு விளக்கினார். இங்கே சர்ஜனைப் பற்றி எழுதும்போது நன்றாக அறுப்பான் என்று எழுதாமல் இனிமையானவன் என்று எழுதினால், வேண்டாம் என்று பொருளாம்.

தலைமை சர்ஜனிடமே போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"உங்களைப் போன்றவர்களுக்குச் சர்ஜரியில் எதிர்காலம் இல்லை. முதியோர் மருத்துவத்தில் ஆள் தேடுகிறார்கள். உடனே எடுத்துக்கொள்வார்கள்."

"என்னைப் போன்றவர்கள் என்றால் யார்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார். கையிலிருந்த இரண்டு அவமானங்களில் கொஞ்சம் மென்மையானதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதுவும் ஒரு தேர்வு முறைதான்.

கயலுக்குப் பள்ளிக்கூட வயது வந்துவிட்டது. இனியும் அவளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியாது. முதியோர் வார்டில் சேர்ந்தேன். கிழவர்களும் கிழவிகளும் என்னிடம் பிரியமாக இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காலையில் கை கழுவும்போது, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, இப்போது இதற்கு அவசியமில்லையே என்று நினைவு வரும். பல வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

5

கயல்விழி பள்ளிக்கூடத்தில் கே. அந்த ஒற்றை எழுத்துக்கே அவள் திரும்பிப் பார்க்கிறாள். நாங்கள் கூப்பிடும் முழுப்பெயர் அவளுக்கு ஏதோ அதட்டல்போல் கேட்கிறதாம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சோறு, தண்ணி, வா, போ. ஊர் ஊராக மாறிய காலத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள். நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவளுக்குத் தமிழ் ஊட்ட வேண்டிய நேரத்தை, யாரும் படிக்காத விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வதில் கொடுத்தேன். சின்ன வகுப்பில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, "என் அம்மா சாகப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறாள்" என்றாளாம். டீச்சர் அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

6

போன வருடம் அண்ணன் ஏலக்காய் மூட்டைகளோடு மெட்டிலிருந்து இறங்கியிருக்கிறார். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது ஜீப் பாறையில் மோதிவிட்டது. ஸ்டீயரிங் வயிற்றில் இடித்தது. தானே இறங்கி, மூட்டைகளை எண்ணிப் பார்த்து, வேறொரு வண்டியில் ஏறிப் போடி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். "ஒண்ணுமில்ல தம்பி, லேசா வலிக்கி" என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார்.

எனக்குத் தந்தி வந்து, டிக்கெட் கிடைத்து, நான் ராசிங்காபுரம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும், "டாக்டரு மக வந்துட்டா, அவன எழுப்புங்கடா" என்று கத்தினாள். அதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பா மகன் வீரணன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். "கல்லாட்டம் நடந்து போன மனுசன். அந்த டாக்டர் பய மருதைக்குப் போங்கன்னு கைகழுவி விட்டுட்டான். இன்னைக்கி அவன் கையக் காலை எடுக்காம வரமாட்டோம்" என்றான். நானும் அந்த ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன்? எனக்கும் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

டாக்டர் ஜெபராஜ் எங்கள் ஊர்ப் பையன்தான். போடிக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகன். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஓடவில்லை. கூட வந்தவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். வீரணன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"விடு வீரணா" என்றேன். "நான் கேக்குறேன். தம்பி, என்னன்னு கண்டுபிடிச்சீங்க?"

"மண்ணீரல்க்கா. தொட்ட உடனே தெரிஞ்சிருச்சு. ரெண்டு கையிலயும் சலைன் போட்டேன். ரத்தம் கொடுக்க ஜீப் ஸ்டாண்டு முழுக்க வந்து வரிசையில நின்னாங்க. எடுத்து ஏத்தவும் செஞ்சேன். ஏத்த ஏத்த உள்ளயே போகுது."

"ஏன் தொறக்கல?"

"எனக்குத் தெறக்கத் தெரியாதுக்கா. ஒருநாளும் தெறந்ததில்ல. சர்ஜரிக்கு மூணு வருசமாப் போட்டுக்கிட்டு இருக்கேன். மூணு தடவையும் இல்லன்னுட்டாங்க. இந்த வருசம் தோல் வியாதிப் படிப்பு வேணா தர்றோம்ங்கிறாங்க. ஏற்கெனவே இருந்த சர்ஜன் மாறிப் போனதுக்கப்புறம் அந்த எடத்துக்கு ஆளே வரல."

"அப்புறம் எப்படி அனுப்புனீங்க?"

"கார் பிடிச்சு நானும் கூடப் போனேன்க்கா. மடியில தலைய வெச்சுக்கிட்டு, நாடியப் பிடிச்சுக்கிட்டே போனேன். கணவாய் ஏறும்போது நாடி நழுவ ஆரம்பிச்சிருச்சு. நான் அழுதேன். அண்ணன் கண்ணத் தெறந்து, 'ஏன் தம்பி அழுகுறீக? சொல்லிக் குடுத்திருந்தா செஞ்சிருப்பீக. ஒங்க மேல என்ன தப்பு'ன்னார். அதுக்குப் பெறகு பேசல."

வீரணனின் கை சட்டையிலிருந்து தானாக இறங்கிற்று. அவன் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அப்ப நாங்க யாரப் போய்த்தான்க்கா அடிக்கிறது?"

எனக்குப் பதில் தெரியும். கண்ணாடிக்காரர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது இறந்திருப்பார். அவர் இடத்தில் வேறொருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த மேசையை எப்படி அடிப்பது?

ஜெபராஜிடம், அந்தத் தோல் படிப்பை எடுத்துக்கொள்ளப் போகிறானா என்று கேட்டேன். "எடுத்துக்கத்தான்க்கா வேணும். வீட்ல வயசாகுதுங்கிறாங்க" என்றான். அவன் விரல்களைப் பார்த்தேன். நீளமான, அசையாத, நல்ல விரல்கள்.

7

ஊருக்குத் திரும்பிவிடுவது என்று அந்த வாரமே முடிவு செய்தேன். கதிரேசனுக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னேன். "உன் இஷ்டம். கயலை நான் பார்த்துக்கொள்கிறேன், பிறகு வந்து சேர்கிறோம்" என்றார். இங்கிலாந்துப் பரீட்சைச் சான்றிதழின் நகலோடு சென்னைக்குப் போனேன். போடியில் சர்ஜன் இடம் காலியாகத்தானே இருக்கிறது? வேறு எவரும் கேட்காத இடம். நான் கேட்கிறேன். இதில் என்ன சிக்கல் வரப்போகிறது?

அலுவலர் வயதில் இளையவர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

"மேடம், நீங்க சர்வீசை ராஜினாமா பண்ணிட்டுப் போனவங்க. திரும்ப எடுக்கிறதுன்னா புது நியமனம்தான். புது நியமனத்துக்கு வயசு வரம்பு இருக்கு. நீங்க தாண்டிட்டீங்க."

"காலியா இருக்கிற இடம் சார். யாரும் வரமாட்டேங்கிறாங்க."

"இருக்கலாம் மேடம். காலியாவே இருக்கலாம், ஆனா தகுதியில்லாதவங்களை வெச்சு நிரப்ப முடியாது."

"வெளிநாட்டுல சர்ஜரி பரீட்சை பாஸ் பண்ணியிருக்கேன்."

அவர் நகலைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கப்புறம் எத்தனை வருசம் சர்ஜரி பார்த்தீங்க?"

முதியோர் வார்டு என்றேன். அவர் நகலை மடிக்காமல், பணிவாக, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அங்கே என்னை எடுக்கவில்லை, அதனால் இங்கே எனக்குத் தகுதி இல்லை. இங்கே என்னை எடுக்காததால்தான் அங்கே போனேன். இதை அவரிடம் சொன்னேன். "சிஸ்டம் அப்படித்தான் மேடம்" என்றார். அவருக்கும் வருத்தம்தான். எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் வருத்தப்படாதவர் யாருமே இல்லை.

விமானம் ஏறினேன்.

8

திதி அன்று மாலை வார்டிலிருந்து வரும் வழியில் அந்தக் கிழவி பிழைத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து குளித்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் வைத்து, இலை கிடைக்காததால் எவர்சில்வர் தட்டில் படைத்தேன். அண்ணன் படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கயலுக்குக் கருவாட்டு வாசம் பிடிக்காது. ஆனாலும் அன்று மூக்கைப் பொத்தவில்லை. மாமாவுக்காக என்று தகப்பன் சொல்லியிருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் அவள், "இன்றைக்குப் பள்ளியில் பெரியவர்களானதும் என்ன ஆவோம் என்று எழுதச் சொன்னார்கள்" என்றாள் இங்கிலீஷில்.

"என்ன எழுதினாய்?" என்றார் கதிரேசன்.

"சர்ஜன்."

அவள் அதை என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு ஒரு பரிசைக் கொண்டுவந்து வைத்ததுபோல. மாமா எப்படி இறந்தார் என்று ஒருநாள் அவளுக்குக் கதிரேசன் சொல்லியிருக்க வேண்டும்.

என் வாயிலிருந்து வந்தது தமிழ். போடித் தமிழ். பல வருடமாக இந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல்.

"வேணாம் ஆத்தா. அந்தச் சோலியே வேணாம். கையப் பழக்கிவிட்டுட்டு அப்பறம் கட்டிப் போட்டுருவாங்க. கெஞ்சிக்கிட்டே ஒன் வயசு போயிரும். ஒனக்கு அந்தத் தலவிதி வேணாம்."

கயல் பயந்துபோனாள். கரண்டியை வைத்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள்.

"அம்மா என்ன சொல்கிறாள்?"

கதிரேசன் கணக்கு வாத்தியார். விடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லி நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, நிதானமான இங்கிலீஷில் சொன்னார்:

"ரொம்ப சந்தோஷம் என்கிறாள். மாமா இருந்திருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பாராம்."

அவள் முகம் அப்படியே விரிந்தது. எழுந்து வந்து, எச்சில் வாயோடு என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போய் மறுபடி சாப்பிட உட்கார்ந்தாள்.

பதினான்கு வருடமாக இங்கிலீஷ் பேசிப் பிழைக்கிறவள் நான். அவர் சொன்னதைத் திருத்த எனக்கு அந்த இங்கிலீஷில் ஒரு சொல்லும் வரவில்லை.